பின்பக்கக் கண்ணாடி

முதல் கிழமை
தண்ணீர் இருப்பதே தெரியவில்லை.
மீன்கள் காற்றில் மிதக்கின்றன என்று
கீழ்வீட்டுச் சின்னவன் சத்தியம் பண்ணினான்.

பத்தாம் நாள்
கூழாங்கற்களில் பழுப்பாய் ஒரு தூள்,
தேநீர் குடித்த கோப்பையின் அடியில் மிஞ்சுமே
அந்த நிறம்.
விரலில் எடுத்து முகர்ந்தேன்:
மழை விட்ட மறுநாள்
வாழைத்தோட்டத்துக் கான்.

மூன்றாம் கிழமை பச்சை.
முதலில் பம்பின் வாயில் ஒரு மீசை,
பிறகு இலைகளின் ஓரமெல்லாம் மயிர்,
பிறகு கண்ணாடி நாலிலும் புள்ளி புள்ளியாய்,
வேலையில்லாத ஒருவர்
பச்சைப் பேனையால் குத்திக் குத்தி வைத்ததுபோல.

காலாவதியான வங்கி அட்டையால் சுரண்டினேன்.
தொட்டியைக் காலி செய்து
கல்லைக் கழுவி, ஸ்பொஞ்சைக் கழுவி
முழுதும் புதுத் தண்ணீர் விட்டேன்.
அதுதான் பிழை என்றார் ஃபளீல் நானா,
ஆமர் வீதி மீன்கடையில்,
கையில் வலையும் காதில் போனுமாக.
"எல்லாத்தையும் கழுவினா தொட்டி
முதல்ல இருந்து தொடங்கும் தங்கச்சி.
இது புதுத் தொட்டிக்கு வார காய்ச்சல்.
கிழமைக்கு மூணுல ஒரு பங்கு தண்ணி மாத்துங்க.
சாப்பாடு ஒரு கிள்ளு.
லைட் ஆறு மணித்தியாலம்,
அதுக்கு மேல ஒரு நிமிசம் இல்ல."
நத்தை ஆறு கேட்டேன்.
மூணு போதும் என்று
வியாபாரம் தெரியாதவர்போல் தந்தார்.

நாலுக்குப் போட்டேன், பத்துக்கு அணைத்தேன்.
துறைமுகம் தெரியும் ஜன்னலில்
பழைய படுக்கைவிரிப்பை ஆணியடித்தேன்.
சுவிட்சின் மேல் தாள் ஒட்டினேன்: தொட வேண்டாம்.
வளர்ந்தது.
நத்தைகள் வீதி கூட்டும் மாநகரசபைபோல்
ஒரு கோடு துப்புரவு செய்துவிட்டு
மற்றதெல்லாம் நாளைக்கு என்றன.

புதன் இரவு ரெண்டரைக்கு
ஒரு கப்பல் கத்தியதில் விழித்தேன்.
ஹோலில் வெளிச்சம்.
அப்பா,
தொட்டிக்கு முன்னால் பிளாஸ்டிக் கதிரை போட்டு,
மடியில் மீன் சாப்பாட்டு டப்பாவுடன்.

கண்ணாஸ்பத்திரியில் வலது கண்ணின் படலம் எடுத்து
அன்றைக்கு இருபத்திரண்டாம் நாள்.
சொட்டு மருந்து நாலு வேளையும் நான்தான் விடுகிறேன்.
மேலே பார்க்கச் சொன்னால்
என்னைப் பார்ப்பார்.

"நீங்களா?" என்றேன்.
பிடிபட்ட முகம் இல்லை அவருக்கு.
வா என்று கையால் காட்டினார்.
வலது கண்ணைப் பொத்தினார்.
"இப்பிடிப் பாத்தா எல்லாம் தேத்தண்ணிக்குள்ள."
இடது கண்ணைப் பொத்தினார்.
"இப்பிடிப் பார்.
பின்னால அந்தக் கண்ணாடி, இதிலயிருந்து இதுவரைக்கும்
இளம்பச்சை.
அந்த மூலை கறிவேப்பிலை.
நடுவில, நான் ஓட்டின கிரேனுக்கு
முதல்முதல் அடிச்ச பெயின்ட்.
ஏழெட்டு வருசமா பச்சை எண்டு
நீ சொன்னா நம்பினன்."

ஏழெட்டு வருசம்.
சேலையைக் காட்டி எப்படி என்று கேட்டபோதெல்லாம்
நல்ல பச்சை என்றிருக்கிறார்.
அதில் ஒன்று சாம்பல்.

திட்டுவதற்கு வைத்திருந்தது
மறந்துபோகவில்லை. திட்டினேன்.
விடிய விடிய வெளிச்சமிருந்தால் மீன் நித்திரை கொள்ளாது,
நாளைக்கு நாலுமுறை தூவினால் தண்ணீர் அழுகும்.
தலையாட்டினார்.
டப்பாவைத் தந்தார். மூடியைத் தரவில்லை,
அது கதிரைக்குக் கீழே கிடந்ததைக்
காலையில் எடுத்தேன்.

சனிக்கிழமை
முதல்நாளே பிடித்து வைத்த பைப் தண்ணீர், இரண்டு வாளி.
முன்பக்கம் சுரண்டினேன்.
இடது. வலது.
பிறகு ஈரக் கையோடு
ஃபளீல் நானாவுக்குப் போன் எடுத்தேன்:
ஒரு பக்கம் அப்படியே விட்டால்?
"ஒண்டும் ஆகாது. வேணுமெண்டே விடுற ஆக்களும் இருக்காங்க.
மீன் கொறிக்கும்."

இப்போது நாலிலிருந்து பத்துவரை
சுவிட்ச் அப்பாவுடையது.
தாளைக் கிழித்துவிட்டேன், பசை மட்டும் போகவில்லை.
மூன்று கண்ணாடி எனக்கு.
நாலாவது மெல்லத் தடிக்கிறது.

நேற்று ஒரு கப்பி அதில் வாய்வைத்துப் பிடுங்கியது.
நகமளவு இடம் தெளிந்து
பின்சுவர் தெரிந்தது, சுவரில் கலண்டர்,
அதில் சிவப்பு வட்டத்துக்குள் ஒரு திகதி.
மற்றக் கண்ணுக்கு.
அப்பா குனிந்து
அந்த ஓட்டை வழியாகவே வாசித்தார்:
பதினேழு.